உப்பு பார்க்காத வெள்ளிக்கிழமை

உபவாச நாளில் சமைக்கிறவளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உப்பு பார்க்க முடியாது. கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைப்பது கை தானாகச் செய்கிற வேலை. அதை நிறுத்தப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் மகளைக் கூப்பிடுவேன். அவள் ருசித்துவிட்டு "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்பாள். இல்லாவிட்டால் முகத்தைச் சுளிப்பாள். ஆக, நான் உபவாசம் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்க வழியே கிடையாது.

உபவாசத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை சமையலறைப் பக்கம் அதிகம் வராதவர்கள் செய்தவை. உணவை ஒதுக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்பார்கள். அடுப்பில் இருப்பதை யார் இறக்குவது என்று சொல்ல மாட்டார்கள். நாள் முழுவதும் பிறருக்காக உணவைக் கையில் பிடித்துக்கொண்டே உபவாசம் இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தியாக, பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறவளாக, சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த 'யாருக்கும் தெரியக் கூடாது' என்கிற விஷயம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டால் பலன் போய்விடும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இயேசு அங்கே கண்டிப்பது முகத்தை வாடவைத்துக்கொண்டு பிறர் பார்வையில் படும்படி நடப்பதை. தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு என்று அவர் சொன்னது மற்ற நாளைப்போல் இரு என்பதற்காக. அதே வேதத்தில் யோவேல் தீர்க்கதரிசி எக்காளம் ஊதி உபவாச நாளை அறிவிக்கச் சொல்கிறார். நினிவேயில் ராஜா முதல் ஆடுமாடு வரை பட்டினி கிடந்தன. அந்தியோகியா சபையார் கூடி உபவாசித்து ஜெபித்துத்தான் பர்னபாவையும் சவுலையும் அனுப்பிவைத்தார்கள். பிறர் அறிந்த உபவாசங்கள்தாம் இவையெல்லாம். எனவே நான் வைத்துக்கொண்ட வழி இது: சாப்பாட்டு நேரத்தில் யார் என்னைத் தேடுவார்களோ அவர்களுக்குச் சொல்லிவிடுவேன், அதைத் தாண்டி ஒருவருக்கும் சொல்வதில்லை. யாராவது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தால் "சனிக்கிழமை வரட்டுமா?" என்று கேட்பேன். காரணம் சொல்வதில்லை, அவர்களும் பெரும்பாலும் கேட்பதில்லை.

நான் இருக்கிற உபவாசம் சிறியது. வெள்ளிக்கிழமை காலையும் மதியமும் சாப்பிடுவதில்லை. தண்ணீர் குடிப்பேன். பொழுது சாய்ந்ததும் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். இவ்வளவுதான். 'இதெல்லாம் ஒரு உபவாசமா' என்கிற கேள்வி சிலர் முகத்திலேயே எழுதியிருக்கும். 21 நாள், 40 நாள் என்று சாட்சி சொல்லப்படுகிற இடத்தில் ஒரு பகல் பொழுது எடுபடாது.

ஆனால் நமக்குத் தெரிந்த வரையில் சபையின் மிகப் பழைய வழக்கம் இந்தச் சிறிய உபவாசம்தான். முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'திதாக்கே' என்ற சிறு நூல், விசுவாசிகள் புதனும் வெள்ளியும் உபவாசம் இருக்க வேண்டும் என்கிறது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், பொதுவாகச் சபையார் அந்த உபவாசத்தை ஒன்பதாம் மணி வேளையில், அதாவது பிற்பகல் மூன்று மணியளவில், முடித்துக்கொள்வதைக் குறிப்பிடுகிறார். (அவருக்கு அது போதவில்லை, இன்னும் நீட்டலாம் என்பது அவர் கட்சி. சின்ன உபவாசத்தைக் குறைவாகப் பார்ப்பதும் பழைய வழக்கம்தான் போலிருக்கிறது.) 18ஆம் நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நாட்களில் அவரும் நண்பர்களும் அந்தப் பழைய முறையையே எடுத்துப் புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்று மணி வரை உண்ணாமல் இருந்தார்கள்.

நாற்பது நாள் உபவாசம் இருந்தவர்களாக வேதம் மூவரைக் காட்டுகிறது. மோசே மலையின்மேல் கர்த்தரோடு இருந்தார். எலியா தேவதூதன் எழுப்பிக் கொடுத்த உணவின் பலத்தால் ஓரேப் வரை நடந்தார். இயேசுவை ஆவியானவர் வனாந்தரத்துக்குக் கொண்டுபோனார். மூவரில் ஒருவரும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. நீண்ட உபவாசத்துக்கு உண்மையாகவே அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்கிறவர்களாகத்தான் அவர்களைக் கண்டிருக்கிறேன். சிறிய உபவாசத்தின் வசதி என்னவென்றால், அதை வைத்துப் பெருமை பேச முடியாது. அதன் கஷ்டமும் அதில்தான் இருக்கிறது: முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வரும்.

இனி அந்த நாள் எப்படிப் போகும் என்பது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பசிக்குத் தயாராக இருப்பார்கள். தலைவலிக்குத் தயாராக இருக்க மாட்டார்கள். காலையில் காபியோ தேநீரோ குடித்துப் பழகியவர்களுக்குக் கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 மணி நேரத்தில் தொடங்கி ஒரு நாளுக்குள் நெற்றிப் பொட்டைப் பிடித்து இழுக்கும். அது பசியால் வருவதல்ல, காஃபீன் கிடைக்காததால் வருவது. அதைப் பிசாசின் தடை என்று ஒருவர் சாட்சியில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிசாசுக்கு வேறு வேலை இருக்கும். உபவாசத்துக்கு முந்தைய சில நாட்களில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பசி நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில் வரும், அரைமணி நேரம் போலக் குடையும், பிறகு அடங்கிவிடும். அடுத்த வேளைக்கு மறுபடி வரும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். ஈரலில் சேமித்து வைத்திருக்கிற சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளுக்குத் தாங்கும்; அது குறையக் குறைய உடம்பு கொழுப்பை எடுத்து எரிக்கத் தொடங்கும். நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவருக்கு ஒரு பகல் பட்டினியால் ஆபத்து எதுவும் வந்துவிடாது. கை கொஞ்சம் குளிரும், வாய் நாறும். எதிரே இருப்பவரை முன்னிட்டுப் பல் துலக்குங்கள். அதனால் உபவாசம் முறியாது.

சோர்வை விட எனக்குப் பெரிய தொல்லை கோபம். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எண்கள் என்னோடு ஒத்துழைப்பதில்லை. தொலைபேசியில் ஒருவர் இரண்டாம் முறை அதே கேள்வியைக் கேட்டால் குரல் தானாகத் தடித்துவிடும். ஏசாயா 58இல் கர்த்தர் கேட்கிற கேள்வியும் இதுதானே: வழக்குக்கும் வாதுக்குமாகவா உபவாசிக்கிறீர்கள்? பசி கோபத்தை உண்டாக்குகிறது என்று நான் நினைக்கவில்லை. மற்ற நாட்களில் அதைச் சாப்பாட்டால் மூடி வைத்திருக்கிறேன். உபவாச நாளில் மூடி இல்லை. யாரிடம் எனக்கு உள்ளூர மனத்தாங்கல் இருக்கிறது என்பது வெள்ளிக்கிழமைதான் எனக்கே தெரிய வருகிறது. பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு அவர்களுக்காக ஜெபிக்கிறேன். அதோடு, மூன்று மணிக்கு மேல் முக்கியமான கடிதம் எதையும் அனுப்புவதில்லை, கணக்கை முடித்துக் கையெழுத்திடுவதும் இல்லை. ஜெபமும் வேண்டும், இந்த ஏற்பாடும் வேண்டும்.

சாப்பாட்டு நேரம் காலியாகக் கிடக்கும் என்பதும் பலர் எதிர்பாராதது. மதியம் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து பாத்திரம் கழுவுகிற நேரம் முழுவதும் கையில் கிடைக்கிறது. நாள் முழுவதும் ஜெபத்தில் தரித்திருப்பேன் என்று தீர்மானித்தால் ஒரு மணி நேரத்தில் மனம் அடுத்த வேளைச் சாப்பாட்டைத் திட்டமிடத் தொடங்கிவிடும். அந்த ஒரு வேளையை மட்டும் குறித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நான் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிப்பேன். மௌனமாக வாசித்தால் கண் வரியில் இருக்கும், மனம் சமையலறையில் இருக்கும். குரல் கொடுத்தால் அவ்வளவு எளிதாகத் தப்ப முடியாது. பிறகு எழுதி வைத்திருக்கிற பெயர்கள். பிறகு நேரம் மிச்சமிருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பேன், கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

கைபேசி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சமூக ஊடக உபவாசம், தொலைக்காட்சி உபவாசம் என்றெல்லாம் இப்போது சொல்கிறார்கள். அவற்றை விடுவது நல்லதுதான், நானும் விடுகிறேன். ஆனால் உடம்பு நலமாக இருக்கிறவர்கள் சாப்பாட்டைத் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் உபவாசிப்பது எனக்கு உறுத்துகிறது. வயிறு காலியாக இருக்கும்போது நான் யாரையோ சார்ந்து உயிர் வாழ்கிறவள் என்பது வயிற்றுக்கே தெரிகிறது. கைபேசி இல்லாத நாளில் அந்த அறிவு எனக்கு வரவில்லை, நிம்மதிதான் வந்தது.

ஏசாயா 58இன் மூன்றாம் வசனம் என் வீட்டில் மிக நேரடியாக வந்து நின்றது. உபவாச நாளில் உங்கள் வேலைக்காரரை ஒடுக்குகிறீர்கள் என்பது அதன் சாரம். வீட்டு வேலைக்கு உதவியாக வருகிற அக்கா மதியம் எங்களோடுதான் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் நானும் அவரும் மட்டும். நான் சாப்பிடுவதில்லை என்றால் சமைக்கவேண்டிய தேவை இல்லை. சமைக்கவில்லை என்றால் அவர் பட்டினி. அவர் ஒன்றும் சொல்லமாட்டார். "எனக்குப் பசியில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வேலைக்குப் போய்விடுவார். என் உபவாசத்தின் செலவை அவர் வயிற்றில் எழுதுவதாக அது முடியும். அதனால் வெள்ளிக்கிழமை மதியச் சமையலை நான் விடுவதே இல்லை. சொல்லப்போனால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துச் செய்கிறேன். அவர் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று மகள் பள்ளிக்குப் போன நாட்களில் அவர்தான் சொல்வார், சாப்பிட்டுக்கொண்டே, ஒளிவுமறைவில்லாமல்.

உண்ணாமல் மிச்சப்படுத்தியது எங்கே போகிறது என்பதைப் பழைய சபை கவனமாகக் கேட்டிருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'ஹெர்மாசின் மேய்ப்பர்' என்ற நூலில் இதற்கு அப்பட்டமான ஒரு கணக்கே உண்டு: அன்றைக்குச் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்த்து, அதை விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு. கணக்கு எழுதுகிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா? இரண்டு வேளை உணவின் செலவை ஒரு உறையில் போட்டு வைக்கிறேன். மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் பெரிய தொகையாக இருக்காது. ஆனாலும் அதை வெளியே அனுப்பாத மாதம் நான் செய்தது சிக்கனம்தான், உபவாசம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இப்போது கடினமான பகுதி. காரியம் வாய்க்க வேண்டும் என்று உபவாசிப்பது. வேலை கிடைக்க, திருமணம் கூடிவர, நோய் தீர. வேண்டுதலோடு உபவாசிப்பது தவறில்லை. எஸ்தரும் எஸ்றாவும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் உபவாசம் ஜெபத்தின் விலையை ஏற்றிவிடும், நாட்கள் கூடக்கூடக் கர்த்தர் மறுக்க முடியாமல் போவார் என்று ஒரு நம்பிக்கை மெல்ல உள்ளே நுழைந்துவிடுகிறது. 'இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது' என்ற வசனத்தை அதற்குத் துணையாக இழுப்பார்கள். மாற்கு 9இல் வருகிற அந்த வசனத்தில், 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகள் ஜெபத்தை மட்டும்தான் சொல்கின்றன. உபவாசம் அங்கே காணப்படவில்லை. அந்த ஒரு வசனத்தின்மேல் அவ்வளவு பெரிய சுமையை ஏற்றக் கூடாது என்பது என் எண்ணம்.

என் அண்ணன் நோயில் படுத்திருந்த நாட்களில் குடும்பமே உபவாசித்தது. அம்மா எங்கள் எல்லாரையும் விட அதிகமாக. அண்ணன் பிழைக்கவில்லை. அடக்க ஆராதனை முடிந்து வீடு திரும்பிய அன்று மாலை, அம்மா எழுந்து குளித்தார், வெளுத்த சேலை ஒன்றை எடுத்து உடுத்தினார், சாப்பாடு போடச் சொன்னார். கூடத்தில் உறவினர் நிறையப் பேர் இருந்தார்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மா நிதானமாகச் சாப்பிட்டதை எல்லாரும் பார்த்தார்கள். ஒரு உறவுக்காரர் என் பக்கத்தில் வந்து, "இன்னும் ஒரு வாரம் சேர்த்து உபவாசித்திருக்கலாமோ?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்த உபவாசம் அப்படிப்பட்டது: பலன் வரவில்லையென்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம்.

2 சாமுவேல் 12இல் தாவீது, நோயுற்ற தன் பிள்ளைக்காக ஏழு நாள் தரையில் கிடந்து உபவாசிக்கிறார். பிள்ளை இறந்தது என்று தெரிந்ததும் எழுந்து, குளித்து, வஸ்திரம் மாற்றி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார். ஊழியக்காரருக்கு விளங்கவில்லை. பிள்ளை உயிரோடு இருக்கையில் கர்த்தர் இரங்குவாரோ என்று உபவாசித்தேன், இப்போது ஏன் உபவாசிக்க வேண்டும் என்கிறார் தாவீது. கேட்டார், கிடைக்கவில்லை, ஆராதித்தார், சாப்பிட்டார். அம்மா அன்றைக்குத் தாவீதை நினைத்துக்கொண்டுதான் செய்தாரா என்று நான் கேட்டதில்லை. பசித்திருக்கும், சாப்பிட்டார். பதினாறாம் நூற்றாண்டில், சபைச் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான கால்வின் உபவாசத்துக்கு மூன்று நோக்கங்களைச் சொன்னார்: மாம்சத்தை அடக்க, ஜெபத்துக்கு ஆயத்தப்பட, குற்றத்தை ஒப்புக்கொண்டு கர்த்தர் முன் தாழ்ந்திருக்க. கேட்டதை வாங்கித் தருவது அந்தப் பட்டியலில் இல்லை. அண்ணனுக்காக உபவாசித்த நாட்கள் வீணாகிவிட்டன என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த நாட்களில் அவனுடைய கட்டிலருகே நாங்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லாமல் இருந்தோம்.

யார் உபவாசிக்கக் கூடாது என்பதைப் போதகர்கள் மேடையிலேயே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருமுறை உபவாச ஜெபத்தில் என் பக்கத்தில் முழங்காலில் இருந்த அம்மா ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஜெபத்தின் உருக்கம் என்று சுற்றி இருந்தவர்கள் நினைத்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வந்தது. நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் போட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் விட்டிருந்தார். சர்க்கரைத் தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்கிறார், நேரம் முடியவில்லை என்று. கடைசியில் ஒரு மூப்பர் குனிந்து, "அம்மா, கப்பலில் பவுல் என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவர் குடித்தார். கால்மணி நேரத்தில் பேச்சுத் தெளிந்தது.

அப்போஸ்தலர் 27ஐத்தான் அந்த மூப்பர் சொன்னார். புயலில் பதினாலு நாள் சாப்பிடாமல் கிடந்த 276 பேரையும் பவுல் சாப்பிடச் சொல்கிறார், அது நீங்கள் தப்பிப் பிழைக்க உதவும் என்று. தானே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம் பண்ணி, எல்லாருக்கும் முன்பாகச் சாப்பிடவும் செய்கிறார். உபவாசத்தைப் போதிக்கிறவர்கள் இந்த அதிகாரத்தையும் கூடவே போதிக்கலாம்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார், சிறு பிள்ளைகள், தினமும் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேளை தவறக் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது: ஒருசந்தி இருக்கும் கடமை 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரைதான். அதிலும் ஒருவேளை முழு உணவும் காலை மாலையில் சிறிதளவும் உண்ணலாம். முழுதாக விட முடியாதவர்களுக்குத் தானியேலின் மூன்று வாரங்கள் வழிகாட்டும். ருசிகரமான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விட்டார், சாப்பாட்டையே விடவில்லை. என் மாமியாருக்கும் நீரிழிவு உண்டு. வெள்ளிக்கிழமை அவர் மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டுவிட்டு, தனக்கு மிகப் பிடித்த ஒன்றை மட்டும் தொடுவதில்லை. அது எது என்று எழுதினால் என்னைத் திட்டுவார்.

இளம்பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். உடம்பைக் குறைக்கவேண்டும் என்கிற தவிப்பு உபவாசம் என்ற பெயரில் ஒளிந்துகொள்ள மிக வசதியான இடம் தேவாலயம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், பாராட்டுவார்கள். உபவாசம் முடிந்த பிறகும் சாப்பிடப் பயப்படுகிற, எடை பார்க்கிற, கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கிற பெண்ணைக் கண்டால், அவளை உபவாசத்தை விடச் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பக்தி குறைந்துவிடாது.

விருந்தாளி வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் எகிப்தின் பாலைவனத் துறவிகளிடமிருந்து வருகிறது. அவர்களைப் பார்த்துவந்த காசியன் 5ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார்: கடும் உபவாசிகளான அந்தப் பெரியவர்கள், யாராவது தேடிவந்தால் உபவாசத்தை நிறுத்திவிட்டு அவர்களோடு சாப்பிட்டார்கள். உபவாசம் எப்போதும் என்னோடு இருக்கிறது, உங்களை எப்போதும் வைத்திருக்க முடியாதே என்பது அவர்கள் சொன்ன காரணம். வெள்ளிக்கிழமை தூரத்திலிருந்து களைத்து வருகிறவரைத் தனியாகச் சாப்பிட வைத்துவிட்டு எதிரில் பக்தியோடு உட்கார்ந்திருக்க எனக்கு வரவில்லை. அக்கா விஷயம் வேறு, அவருக்கு என் வெள்ளிக்கிழமை பழகிவிட்டது. புதிதாக வருகிறவரோடு சாப்பிட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை உபவாசம் எப்போதும் கிடையாது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும், ஆறு ஞாயிறுகளையும் கழித்துத்தான் தவக்காலம் நாற்பது நாளாகிறது.

முடிப்பதைப் பற்றிச் சுருக்கமாக. 1 சாமுவேல் 14இல் சவுல், சாயங்காலம் வரைக்கும் எவனும் சாப்பிடக் கூடாது என்று படைக்கு ஆணையிட்டார். யுத்தத்தின் நடுவில் ஜனங்கள் விடாய்த்துப்போனார்கள். யோனத்தான் மட்டும் ஆணையை அறியாமல் தேனைத் தொட்டு வாயில் வைத்தான், அவன் கண்கள் தெளிந்தன. மற்றவர்கள் பொழுது சாய்ந்ததும் கொள்ளைமேல் பாய்ந்து, அடித்த மிருகங்களை இரத்தத்தோடு தின்றார்கள். அளவுக்கு மீறிய உபவாசம் எங்கே போய் முடியும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை. ஒரு பகல் உபவாசத்தை வழக்கமான சாப்பாட்டோடு, வழக்கமான அளவில், மெல்ல மென்று முடித்தால் போதும். நாட்கணக்கில் இருப்பவர்கள் மென்மையான உணவைச் சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் உண்ணாதவர் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்தையே பாதிக்கும். அந்த அளவு உபவாசத்தை மருத்துவ மேற்பார்வை இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

எங்கள் சபையில் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு விருந்து நடக்கும். மூன்று வேளைக்கும் சேர்த்துச் சாப்பிடுகிற விருந்து. அதில் பாதியைச் சமைத்ததும் பசியோடிருக்கிற வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, மீதியில் நாம் முடித்துக்கொள்ளலாமே என்று பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் நாங்கள் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தோம். ஏசாயா 58ஐயும் குறிப்பிட்டிருந்தோம். கமிட்டியார் கடிதத்தைப் பாராட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கும் சாப்பாடு உண்டாம்.